கல்லாவுக்குப் பின்னால் ஒரு கதைக்காரர்

*மனம் நன்றாக இருந்தால்தான் எதையாவது படைக்க முடியுமா? அல்லது எதையாவது படைத்தால்தான் மனம் நன்றாக இருக்குமா? திருவனந்தபுரத்தில் வாழ்ந்த ஒரு கடைக்காரர், ஒரு என்ஜினியர், ஒரு பேராசிரியர், ஒரு கட்டடக் கலைஞர் ஆகியோரின் வாழ்க்கையில் பதில் இருக்கிறது.*

பத்மநாபசுவாமியைத் தரிசித்துவிட்டுக் கிழக்கே கோட்டை வழியாக வெளியே வந்தால் எதிரே நீள்கிறது சாலை பஜார். திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கிய கடைத்தெரு. தமிழ்நாட்டுக் காய்கறியும் பூவும் பலசரக்கும் இங்கேதான் வந்து இறங்குகின்றன. மூட்டை தூக்குபவர்களின் அதட்டல், லாரி ஹாரன், தமிழ் பாதி மலையாளம் பாதியாகப் பேரம். கதை எழுத இதைவிட மோசமான இடத்தைத் தேடிப் பிடிப்பது கஷ்டம்.

ஆ. மாதவன் (1934-2021) இந்தத் தெருவில்தான் பல வருடங்கள் கடை வைத்திருந்தார். பள்ளியில் படித்தது மலையாளம். தமிழ் எழுதக் கற்றது சொந்த முயற்சியில். கல்லாவுக்குப் பின்னாலிருந்து அவர் பார்த்த சுமைதூக்கிகள், தரகர்கள், பிச்சைக்காரர்கள், கடைவாசலில் படுத்துக் கிடந்த நாய்கள் எல்லாம் ஒவ்வொன்றாக அவருடைய கதைக்குள் வந்து சேர்ந்தன. தொகுப்புக்கு வைத்த பெயரே ‘கடைத்தெருக் கதைகள்’. 2015ல் ‘இலக்கியச் சுவடுகள்’ என்ற கட்டுரை நூலுக்காகச் சாகித்ய அகாடமி விருது வந்தபோது அவருக்கு வயது 81. அதற்கு முந்தைய அரை நூற்றாண்டில் சாலை பஜார் அவருக்கு விருது எதுவும் தரவில்லை. சரக்குப் போட்டவனுக்குப் பணம் கொடுக்க வேண்டும், கடனுக்கு வாங்கியவனிடம் வசூலிக்க வேண்டும், நடுவில் எழுதவும் வேண்டும். ஏன் எழுதினார்?

கதைக்கும் கவிதைக்கும் மட்டுமான கேள்வி அல்ல இது. ஆபீஸ் முடிந்து வந்து வயலினை எடுப்பவர், மீந்துபோன இட்லியைப் புதிதாக ஏதோ ஒன்றாக்கும் குடும்பத் தலைவி, பழைய மோட்டாரில் கிணற்றுக்கு ஒரு கருவி செய்யும் மெக்கானிக் என்று எல்லோரையும் கேட்கலாம். பணமோ புகழோ வராது என்று தெரிந்தும் ஏன் செய்கிறார்கள்? செய்வதால் அவர்கள் மனத்துக்கு என்ன ஆகிறது?

உளவியலாளர்கள் இதற்கு ‘அன்றாடப் படைப்பாற்றல்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பக்கத்திலிருக்கும் கிளிமானூரில் பிறந்த ரவிவர்மா போன்ற மேதைகளின் படைப்பைத்தான் நெடுங்காலம் அவர்கள் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். 1988ல் ரூத் ரிச்சர்ட்ஸ், டென்னிஸ் கின்னி என்ற அமெரிக்க ஆய்வாளர்களும் அவர்களுடைய சகாக்களும் சாதாரண மனிதர்களின் வேலையிலும் பொழுதுபோக்கிலும் உள்ள படைப்பாற்றலை அளக்க ஓர் அளவுகோல் உருவாக்கினார்கள். அது கேட்பது இரண்டே இரண்டு: செய்தது புதிதா? அடுத்தவருக்கு அர்த்தமாகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் அது ஓவியமா ஊறுகாயா என்பது முக்கியமில்லை.

தமிழர்களுக்கு இது புதிய சங்கதியும் அல்ல. தொட்டிலை ஆட்டியபடி அந்த நேரத்துக்கு வாய்க்கு வந்த உறவுகளை எல்லாம் கோத்துத் தாலாட்டுப் பாடிய பாட்டிகள் யாரும் தங்களைக் கவிஞர்கள் என்று சொல்லிக்கொண்டதில்லை. சாவு வீட்டில் கட்டிப் பிடித்து ஒப்பாரி வைக்கும் பெண், இறந்தவரின் குணத்தையும் தன் குறையையும் அங்கேயே பாட்டாகக் கட்டுகிறாள். அழுகைக்கு ஒரு மெட்டு, ஆத்திரத்துக்கு ஓர் அடி. மறுநாள் அதே பாட்டு அப்படியே வராது. உணர்ச்சிக்கும் படைப்புக்கும் உள்ள உறவை இதைவிடப் பக்கத்தில் பார்க்க முடியாது.

முட்டையா, கோழியா?

உறவு இருக்கிறது, சரி. முதலில் வருவது எது? சந்தோஷம்தான் முதலில் என்று சொல்ல ஆதாரம் இருக்கிறது. 1987ல் ஆலிஸ் ஐஸன் என்ற அமெரிக்க உளவியலாளரும் சகாக்களும் ஒரு பழைய புதிரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு மெழுகுவர்த்தி, ஒரு தீப்பெட்டி, ஒரு சின்ன டப்பா நிறைய ஆணிகள். மெழுகு தரையில் சிந்தாதபடி மெழுகுவர்த்தியைச் சுவரில் பொருத்த வேண்டும். டப்பாவைக் காலி செய்து அதையே சுவரில் ஆணி குத்தி, மேலே மெழுகுவர்த்தியை நிறுத்துவதுதான் விடை. புதிருக்கு முன்பு சில நிமிடம் நகைச்சுவைப் படம் பார்த்துச் சிரித்தவர்களில் விடை கண்டவர்கள் மற்றவர்களைவிட மிக அதிகம். மனம் லேசாக இருக்கும்போது டப்பா வெறும் டப்பாவாக மட்டும் தெரிவதில்லை.

எதிர்ப்பக்கத்துக்கும் ஆதாரம் உண்டு. நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாம்லின் கானரும் அமெரிக்க சகாக்களும் 658 இளைஞர்களைத் தொடர்ந்து 13 நாட்கள் டயரி எழுத வைத்தார்கள். இன்று படைப்பாக எவ்வளவு செய்தீர்கள், மனநிலை எப்படி இருந்தது என்று தினமும் குறிக்க வேண்டும். 2016ல் வெளியான முடிவு: ஒரு நாள் வழக்கத்தைவிடக் கூடுதலாகப் படைப்பில் ஈடுபட்டவர்கள் மறுநாள் கூடுதல் உற்சாகத்தோடும், வாழ்க்கைக்கு அர்த்தம் இருக்கிறது என்ற எண்ணத்தோடும் இருந்தார்கள். அவர்கள் செய்தது ஒன்றும் மலையைப் புரட்டும் காரியமல்ல. பாட்டு எழுதுவது, பின்னல் வேலை, புதுச் சமையல் குறிப்பு, படம் வரைவது மாதிரியானவைதான்.

அப்படியானால் ‘சோகம்தான் கலைக்குத் தாய்’ என்கிறார்களே? அந்த நம்பிக்கைக்குத் திருவனந்தபுரத்தில் ஒரு ராஜாவே சாட்சி. சுவாதித் திருநாள் 1829ல் ஆட்சிக்கு வந்தார். குடும்பத்தில் அடுத்தடுத்துச் சாவுகள். 1840ல் வந்து சேர்ந்த பிரிட்டிஷ் ரெசிடென்ட் கல்லனோடு ஓயாத உரசல். 1846ல் இறந்தபோது வயது 33. விட்டுச் சென்றது பல மொழிகளில் நூற்றுக்கணக்கான கீர்த்தனைகள். துயரம் பாட்டாகியது என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் அதே அரண்மனையில் தஞ்சாவூர் வடிவேலு போன்ற வித்வான்கள் அவரைச் சூழ்ந்திருந்தார்கள் என்பதும் சரித்திரம். துக்கத்தை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டு கச்சேரியை விட்டுவிடக் கூடாது.

உணர்ச்சிக்கும் படைப்பாற்றலுக்கும் உள்ள தொடர்பு குறித்து அதுவரை நடந்த ஆராய்ச்சிகளை 2008ல் மத்தேயஸ் பாஸ் தலைமையில் டச்சு உளவியலாளர்கள் ஒன்றுசேர்த்து அலசினார்கள். துடிப்பான சந்தோஷம் படைப்புக்கு உதவுகிறது. சோகம் பெரிதாக உதவுவதும் இல்லை, கெடுப்பதும் இல்லை. பயமும் பதற்றமும் வந்தால்தான் படைப்பு படுத்துவிடுகிறது. ரூத் ரிச்சர்ட்ஸ் குழுவின் 1988 ஆய்வும் இதற்கு ஒத்துப்போகிறது. மனஎழுச்சியும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் நோய் உள்ளவர்களையும் அவர்களுடைய உறவினர்களையும் அவர்கள் ஆராய்ந்தபோது, கடுமையாக நோய்வாய்ப்பட்டவர்களைவிட நலமாக இருந்த உறவினர்களிடமே அன்றாடப் படைப்பாற்றல் கூடுதலாகத் தென்பட்டது. நோய்தான் கலையின் மூலதனம் என்பது, நோயை அனுபவிக்காதவர்கள் சொல்லும் பேச்சு.

மின்சாரமும் அவமானமும்

மாதவன் சாலையில் எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில் அதே ஊரில், கேரள மின்வாரியத்தின் என்ஜினியர் ஒருவரும் எழுதிக்கொண்டிருந்தார். 1938ல் பிறந்த நீல. பத்மநாபனுக்குப் பகலில் மின்சாரம், மீதி நேரத்தில் நாவல். ‘தலைமுறைகள்’ 1968ல் வந்தது. 1970ல் வந்த ‘பள்ளிகொண்டபுரம்’ நாவலின் நாயகன் அனந்தன் நாயர், அழகான மனைவியைப் பெரிய மனிதர் ஒருவரிடம் இழந்தவர். கோயிலையும் கோட்டையையும் தெருக்களையும் சுற்றி நடந்தபடி, ஐம்பது வயது வாழ்க்கையை மனத்துக்குள் திரும்ப ஓட்டுகிறார். வெளியே சொல்ல முடியாத ஓர் அவமானம் ஊர் முழுக்க நடந்து தீர்கிறது.

இந்த எழுத்தாளர்கள் தங்கள் சொந்தக் காயங்களைத்தான் எழுதினார்கள் என்பதல்ல. மாதவனின் ‘புனலும் மணலும்’ (1974) ஆற்றில் மணல் வாரும் தொழிலாளி ஒருவரின் கதை. அழகில்லாத வளர்ப்பு மகள் மீது அவருக்குக் காரணமே இல்லாத வெறுப்பு. அன்பை எழுதுவது யாருக்கும் சுலபம். மனிதன் தனக்குள் இருப்பதாக ஒப்புக்கொள்ளவே கூசும் வெறுப்பை எடுத்து, அதற்கு ஒரு பெயரும் ஊரும் தொழிலும் கொடுத்து, தன் முன்னே நிறுத்திப் பார்ப்பது வேறு காரியம். பெயர் வைத்த பின் அந்த உணர்ச்சி ஆளை விழுங்குவதில்லை. ஆள் அதை எதிரே வைத்துப் பார்க்கிறார்.

எழுத்துக்கும் உடம்புக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த ஜேம்ஸ் பென்னிபேக்கரின் சோதனை இங்கே பொருந்துகிறது. அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை நான்கு நாட்கள், நாளுக்கு 15 நிமிடம், மனத்தை உலுக்கிய அனுபவம் ஒன்றை எழுதச் சொன்னார். 1986ல் முடிவு வெளியானது. உணர்ச்சியோடு சேர்த்து எழுதியவர்கள் அடுத்த சில மாதங்களில் கல்லூரி மருத்துவமனைக்குப் போன தடவைகள், சாதாரண விஷயங்களை எழுதியவர்களைவிடக் குறைவு. இன்னொரு தகவலும் உண்டு. எழுதி முடித்த கையோடு அவர்களுக்குச் சந்தோஷம் வரவில்லை. முன்பைவிட வருத்தமாகவே இருந்தது. பலன் பிறகுதான் வந்தது. புண்ணைக் கழுவும்போது எரியத்தான் செய்யும்.

சுசீலா என்றொரு பெயர்

இதோடு கதை முடிந்தால் சௌகரியமாக இருக்கும். ஆனால் திருவனந்தபுரத்தில் நகுலனும் வாழ்ந்தார்.

கும்பகோணத்தில் பிறந்து சிறு வயதிலேயே திருவனந்தபுரத்துக்கு வந்த டி.கே. துரைசாமி, நாலாஞ்சிறைக் குன்றின் மீதிருக்கும் மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியர். தமிழில் நகுலன். ‘நினைவுப் பாதை’, ‘நாய்கள்’, ‘நவீனன் டைரி’ என்று வாசகரைச் சோதிக்கும் நாவல்கள். சில வரிகளில் முடிந்துவிடும் கவிதைகள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கவடியாரில் இருந்த அவர் வீட்டைத் தேடி இளம் எழுத்தாளர்கள் தமிழ்நாட்டிலிருந்து பஸ் ஏறி வந்தார்கள். கவிதையிலும் நாவலிலும் சுசீலா என்ற பெண் திரும்பத் திரும்ப வருகிறாள். வந்துவிட்டு, வராமலே போனவளாகவும் ஆகிவிடுகிறாள்.

எழுத்து நகுலனின் தனிமையைத் தீர்த்து வைத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. கடைசிவரை அவர் தனியாகத்தான் இருந்தார். ஆனால் அந்தத் தனிமையில் பேச்சுத்துணைக்கு ஆள் இருந்தது: நவீனன் இருந்தான், சுசீலா இருந்தாள். 2007 மே மாதம் அவர் இறந்த பிறகும் தமிழ் வாசகர்கள் அவர்களோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள். படைப்பு ஒரு மாத்திரை என்று நினைப்பவர்கள் நகுலனைப் படிக்க வேண்டும். அது சில சமயம் வலியைக் குறைப்பதில்லை. வலியோடு ஒரே வீட்டில் குடியிருக்க வழி செய்கிறது. அதுவும் சின்ன உதவி அல்ல.

எலிப்பொறிச் சுவர்

நகுலன் பாடம் நடத்திய அதே நாலாஞ்சிறையில், பாறைச் சரிவு ஒன்றில் இன்னொரு மனிதர் வீடு கட்டிக்கொண்டிருந்தார். கட்டி முடிக்கவே இல்லை என்றுகூடச் சொல்லலாம். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் 1917ல் பிறந்த லாரி பேக்கர், தொழுநோயாளிகளுக்கான மருத்துவமனைக் கட்டடங்களுக்காக 1945ல் இந்தியா வந்தவர். காந்தியைச் சந்தித்தவர். டாக்டர் எலிசபெத்தை மணந்து, இமயமலையில் பித்தோராகட் பகுதியில் நெடுங்காலம் வாழ்ந்து, பிறகு கேரளத்தில் வாகமண் போய், கடைசியில் திருவனந்தபுரம்வாசி ஆனார்.

தம்பானூர் பஸ் நிலையத்தருகே இந்தியன் காபி ஹவுஸுக்காக அவர் கட்டிய வட்டக் கோபுரத்தில் காபி குடித்தவர்களுக்கு அவருடைய விளையாட்டுத்தனம் புரியும். நத்தை ஓட்டில் நடப்பது போலச் சுற்றிச் சுற்றி மேலே ஏற வேண்டும். மேஜையும் பெஞ்சும் சரிவுக்கு ஏற்றபடி. உள்ளூரில் 1971ல் அமைந்த வளர்ச்சி ஆய்வு மையத்தின் கட்டடங்களும் அவருடையவை. பூசாத செங்கல் சுவர், ஜன்னலுக்குப் பதில் காற்று நுழையும் செங்கல் ஜாலி, உடைந்த ஓடும் பழைய வீட்டுக் கதவும் திரும்ப வேலைக்கு. நடுவில் இடைவெளி விட்டுச் செங்கல்லைக் குத்திட்டு அடுக்கும் ‘எலிப்பொறி’ முறையால் கிட்டத்தட்ட கால் பங்கு செங்கல் மிச்சம்.

சிக்கனம் எல்லோரும் அறிந்தது. பேக்கர் வேலை செய்த விதம்தான் இங்கே முக்கியம். வரைபடத்தைக் கொடுத்துவிட்டு ஆபீசில் உட்காரும் வழக்கம் அவருக்கு இல்லை. மரத்தை வெட்டாமல் சுவரை வளைப்பது, பாறையை உடைக்காமல் அதையே அறைக்குள் சேர்த்துக்கொள்வது எல்லாம் வேலை நடக்கும் இடத்தில் கொத்தனாரோடு நின்று எடுத்த முடிவுகள். சொன்ன கல்லைச் சொன்ன இடத்தில் வைத்துப் பழகிய கொத்தனாருக்கு, ஜாலிக்குள் ஒளி எப்படி விழ வேண்டும் என்று யோசிக்கும் பொறுப்பு வந்தது. மத்தேயஸ் பாஸ் குழு 2008ல் சொன்னதை இங்கே நினைத்துப் பார்க்கலாம். தப்பாகிவிடுமோ என்ற பயம் இருக்கும் இடத்தில் புதிதாக எதுவும் நடக்காது. மேஸ்திரியின் கோபத்துக்கும் என்ஜினியரின் கோடுகளுக்கும் பயந்து வேலை செய்பவன் கல்லை மட்டுமே வைக்கிறான். பயம் போனால் சுவரைக் கட்டுகிறான்.

1985ல் முன்னாள் முதல்வர் அச்சுத மேனன், பொருளாதார நிபுணர் கே.என். ராஜ் ஆகியோருடன் சேர்ந்து பேக்கர் உருவாக்கிய காஸ்ட்ஃபோர்ட் அமைப்பு இந்த முறையைப் பரப்பியது. நகுலன் இறப்பதற்கு ஒன்றரை மாதம் முன்பு, 2007 ஏப்ரல் 1ஆம் தேதி, பேக்கர் தன் 90ஆவது வயதில் காலமானார்.

குடைக்கு அப்பால்

பேனாவும் செங்கல்லும் பிடிக்கக் கை கால் நன்றாக இருந்தாக வேண்டும். அப்படி இல்லாதவர்களுக்கு? கேரளம் இதில் முன்னோடி. 1993ல் கோழிக்கோட்டில் வலி நிவாரண மருத்துவமனை தொடங்கியவர்களில் ஒருவரான டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், 2003ல் திருவனந்தபுரத்தில் பேலியம் இந்தியா அமைப்பை நிறுவினார். 2018ல் பத்மஸ்ரீ. உடம்பு வலியோடு மனத்தின் வலியையும், குடும்பத்தின் பணக் கவலையையும், ‘நான் எதற்கும் உதவாதவன்’ என்ற எண்ணத்தையும் சேர்த்தே கவனிக்க வேண்டும் என்பது இந்த மருத்துவத்தின் அடிப்படை.

மரத்திலிருந்து விழுந்தோ விபத்திலோ முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப் போனவர்கள் கேரளத்தின் பல ஊர்களில் குடை தைக்கிறார்கள். விதை பொதிந்த காகிதப் பேனா செய்கிறார்கள். ஜூன் மாதம் மழையும் பள்ளிக்கூடமும் ஒன்றாகத் தொடங்கும்போது குடைக்கு நல்ல கிராக்கி. வருமானம் முக்கியம்தான். ஆனால் துணியின் நிறத்தைத் தேர்ந்தெடுப்பதும் கைப்பிடியை மாற்றிப் பார்ப்பதும் தன் கையில் இருக்கிறது என்பது வேறு கணக்கு. எதையும் அடுத்தவர் செய்து தர வேண்டியிருப்பவருக்கு, இந்த ஒன்றில் முடிவு அவருடையது.

அனுபவமோ திறமையோ தேவை இல்லை என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. இந்தியாவில் பிறந்து அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கிரிஜா கைமல், 39 பேரை 45 நிமிடம் களிமண், பேனா, வெட்டி ஒட்டும் காகிதம் என்று விரும்பியபடி ஏதாவது செய்ய விட்டார். 2016ல் முடிவு வெளியானது. ஏறக்குறைய நாலில் மூன்று பேருக்கு உமிழ்நீரில் கார்ட்டிசால் என்ற மனஅழுத்த ஹார்மோனின் அளவு குறைந்திருந்தது. முன்பே வரையத் தெரிந்தவர், தெரியாதவர் என்ற வித்தியாசம் இல்லை. சிறிய சோதனைதான். ஆனால் ‘எனக்கு வராது’ என்று ஒதுங்குபவர்களுக்கு நல்ல பதில்.

இந்தப் பேச்சுக்கு அவசரம் ஒன்றும் இருக்கிறது. படிப்பிலும் ஆயுளிலும் நாட்டுக்கு முன்மாதிரியான கேரளத்தில், 2022ல் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 28.5. தேசிய அளவில் 12.4. இந்த வித்தியாசத்தைக் கோலமும் கவிதையும் சரிசெய்துவிடும் என்று சொன்னால் அது மோசடி. மனச்சோர்வு ஒரு நோய். அதற்கு டாக்டரும் மருந்தும் வேண்டும். மனம் தாங்காத நேரத்தில் 14416 என்ற டெலிமானஸ் எண்ணை 24 மணி நேரமும், தமிழிலும், கூப்பிடலாம். நோய் வருமுன்னும் நோய் தணிந்த பின்னும் நாளைத் தாங்கிப் பிடிக்க ஒரு சின்ன வேலை வேண்டுமே, அங்கேதான் அன்றாடப் படைப்பின் இடம். கூடவே இன்னொரு எச்சரிக்கை: அதையும் பரீட்சை ஆக்கிவிடக் கூடாது. குழந்தை வரைந்த படத்துக்கு மார்க் போடத் தொடங்கிய நாளில் பயம் உள்ளே வருகிறது. பயம் வந்தால் என்ன ஆகும் என்பது தெரிந்ததுதான்.

சாலை பஜாரில் மாதவன் இப்போது இல்லை. பூ மட்டும் வழக்கம் போலத் தோவாளையிலிருந்து வந்துகொண்டிருக்கிறது. நார் எடுத்துக் கட்டுபவர் நாலு பூவுக்கு ஒரு கொழுந்து வைக்கலாம், வைக்காமலும் விடலாம். வைத்தாலும் முழத்துக்கு விலை கூடாது. அவசரத்தில் வாங்கிப் போகிறவர்கள் பலர் கவனிக்கப் போவதும் இல்லை. ஆனாலும் கொஞ்சம் யோசித்து, கை நிதானித்து, ஒரு கொழுந்தைச் செருகிவிட்டு, கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பூவை எடுக்கிறார்கள்.